வேண்டாம் என்றால் தேநீர் இல்லை

ஜேர்மன் அன்ரியின் வீட்டுக்கு முதல்முறை போகிறவர்கள் வெறுவயிற்றோடுதான் திரும்பி வருவார்கள். அவர் கஞ்சத்தனம் பிடித்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. லண்டனில், கிங்ஸ்பரியில் இருந்த அவருடைய குசினியில் எந்த நேரமும் ஏதாவது ஒன்று வெந்துகொண்டோ பொரிந்துகொண்டோ இருக்கும். வந்தவரை முகம் மலர வரவேற்று இருக்கச் சொல்வார். "தேத்தண்ணி குடிக்கிறியளா?" என்று கேட்பார். நம்மவர்கள் என்ன சொல்வோம்? "ஐயோ வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வாறம்" என்போம். இரண்டாம் முறை கேட்கும்போது கொஞ்சம் இழுப்போம். மூன்றாம் முறை, இவ்வளவு வற்புறுத்துகிறாரே என்பதற்காக மட்டும், அரைக் கோப்பைக்குச் சம்மதிப்போம். பிறகு முழுக் கோப்பையும் குடித்து, தட்டில் வந்த பற்றிஸையும் முடிப்போம். யாழ்ப்பாணத்து வீடுகள் உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் தேநீர் இந்த வழியாகத்தான் வரும். அன்ரி இரண்டாம் முறை கேட்கவே மாட்டார். "சரி" என்று சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்து கதைக்கத் தொடங்கிவிடுவார்.

என் அம்மா முதன்முதலில் போன அன்று வீடு முழுக்க ரோல்ஸ் பொரித்த வாசம். அம்மா வழக்கப்படி வேண்டாம் என்றார். அன்ரி சரி என்றார். அம்மா இரண்டாவது கேள்விக்காக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்தார். நடுவில் தொண்டையைச் செருமிப் பார்த்தார், குளிரைப் பற்றிப் பேசிப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, மேற்சட்டையைக்கூடக் கழற்றாமல், குசினியில் நின்றபடியே காலையில் மிஞ்சிய புட்டைச் சாப்பிட்டார். ஜேர்மனியில் இருந்து வந்த சனத்துக்கு மனிசரை மதிக்கத் தெரியாது என்று அன்றைக்கே தீர்ப்பும் எழுதிவிட்டார்.

அன்ரிக்கு ஒரு பெயர் இருந்தது. நாங்கள் யாரும் அதைப் பாவித்ததில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று ஜேர்மனியை விட்டு லண்டனுக்கு வந்த பல குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. அங்கிள் ரொட்டி சுடும் ஒரு வெதுப்பகத்துக்கு வான் ஓட்டினார். அன்ரி சான்விச் செய்யும் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். ஆள் கட்டை. தலைமயிரைக் கழுத்தோடு வெட்டியிருப்பார். மழையோ வெயிலோ, கணுக்கால் வரை கயிறு கட்டிய மண்ணிற மலைச் சப்பாத்துத்தான் போடுவார். கலியாண வீட்டுக்குப் பட்டுச் சேலை உடுத்தி வரும்போதும் அந்தச் சப்பாத்துத்தான் வரும். மண்டப வாசலில் குனிந்து அதைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல நிமிர்ந்து பன்னீர் வாங்குவார்.

சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் அவருடைய குணம். அதற்கு மேலேயும் கீழேயும் அவர் தேட மாட்டார். ஒருமுறை பஸ்ஸில் அவரைக் கண்ட அம்மா, இறங்குகிற அவசரத்தில், "ஒருநாளைக்கு வீட்டுப்பக்கம் வாங்கோவன்" என்று சொல்லிவிட்டார். நாம் எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிற வார்த்தை. அதைக் கேட்டு எவரும் வருவதில்லை என்பதால்தான் அவ்வளவு தாராளமாகச் சொல்கிறோம். அன்ரி, "எந்தநாள்?" என்று கேட்டார். அம்மா கம்பியைப் பிடித்தபடி திகைத்து நிற்க, பஸ் தரிப்பிடத்தைத் தாண்டிவிட்டது. அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி நடந்துவந்த அம்மா, சனிக்கிழமை மத்தியானம் அவர் சாப்பிட வருகிறார் என்று என்னிடம் சொன்னபோது முகத்தில் ஈயாடவில்லை.

அந்தச் சனிக்கிழமை அன்ரி வந்தார். "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ?" என்று அம்மா கேட்டதும், "ஓம், கறியும் வேணும்" என்று தட்டை நீட்டினார். அம்மாவின் வாழ்க்கையில் முதல் கேள்விக்கே ஓம் சொன்ன முதல் விருந்தாளி அவராகத்தான் இருக்க வேண்டும். அம்மாவுக்கு அது என்னவோ பிடித்துப்போய்விட்டது. சமைத்தவளுக்கு அதைவிட வேறு என்ன மரியாதை வேண்டும் என்று பிறகு என்னிடமே கேட்டார். பழைய தீர்ப்பு அன்றைக்கு ரத்தாகியது.

அதற்குப் பிறகு இருவரும் கூட்டாளிகள். எனக்குக் கவுன்சிலில் வேலை, லீவு கிடைக்காது. அம்மாவை முழங்கால் வலிக்கு டொக்டரிடம் அன்ரிதான் கூட்டிப்போவார். முதல் தடவை போனபோது டொக்டர் எப்படி இருக்கிறது என்று கேட்க, அம்மா சிரித்துக்கொண்டு, "பரவாயில்லை, கொஞ்சம் நோகும்" என்றிருக்கிறார். அன்ரி தன்னுடைய ஜேர்மன் வாடை வீசும் ஆங்கிலத்தில், பரவாயில்லையாம், கொஞ்சம் நோகுமாம் என்று மொழிபெயர்த்திருக்கிறார். டொக்டர் சந்தோசப்பட்டு இரண்டு பரசிற்றமோலோடு அனுப்பிவிட்டார். அம்மா வீட்டுக்கு வந்து என்னிடம் குமுறினார். படியேற முடியாமல் அழுகிறேன், அது அந்த மனிசிக்குத் தெரியும்தானே, எடுத்துச் சொல்லியிருக்கலாம்தானே என்றார். நான் தொலைபேசியில் அன்ரியைக் கேட்டேன். "அவ கொஞ்சம் எண்டு சொன்னா. நான் எப்பிடி நிறைய எண்டு சொல்லுறது? அவவின்ர கால்" என்றார். இரண்டாம் தடவை அம்மா டொக்டரின் அறைக்குள் நுழையும்போதே முனகிக்கொண்டு போனாராம். ஸ்கானுக்குக் கடிதம் கிடைத்தது.

இந்தக் குணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று அவரே ஒருநாள் சொன்னார். ஜேர்மனிக்குப் போன புதிதில், அகதி விண்ணப்பம் முடியும்வரைக்கும் அவர்களை மோசல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஊரில் வைத்திருந்தார்கள். அனுமதி இல்லாமல் அந்த மாவட்டத்தை விட்டு வெளியே போக முடியாது. ஆற்றின் இரண்டு கரையும் செங்குத்தான மலை, மலை முழுக்க வைன் பிழிகிற திராட்சை, எங்கள் பேச்சில் முந்திரிகைத் தோட்டம், உச்சிகளில் இடிந்த கோட்டைகள். அறுவடைக் காலத்தில் முந்திரிகைக் குலை வெட்டுகிற வேலை கிடைத்தது. முதல் நாள் மத்தியானம் தோட்டக்காரப் பெண் பெரிய பானையில் சூப் கொண்டுவந்து, வேண்டுமா என்று கேட்டாளாம். அன்ரி நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டி வேண்டாம் என்றாராம். அவள் சரி என்று அடுத்தவரிடம் போய்விட்டாள். அடுத்த நாளும் அதே சூப், அதே தலையாட்டல். பசியில் மலைச்சரிவில் கால் நடுங்கியதாம். "மூண்டாம் நாள் அவள் பானையைத் திறக்க முதலே நான் ஓம் எண்டிட்டன்" என்று சொல்லி அன்ரி உடம்பு குலுங்கச் சிரித்தார். அன்றைக்குப் பிறகு அவர் யாருக்கும் மரியாதைக்காக வேண்டாம் சொன்னதில்லை. மற்றவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று நம்பத் தொடங்கிவிட்டார். மனிசர் திருந்தியிருப்பார்கள் என்ற நல்லெண்ணம்தான்.

ஒவ்வொரு செப்டெம்பரிலும் அங்கிளின் வானில் ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்தப் பள்ளத்தாக்குக்குப் போவார். விடுமுறை என்றால் அவருக்கு அதுதான். அங்கே போய்க் கோட்டை கோட்டையாக ஏறுவார். போனவர்கள் திரும்பி வந்து காலுக்கு எண்ணெய் பூசுவார்கள். ஒரு மேட்டில் ஏறி ஆற்றைப் பார்த்து முடிந்ததும், இன்னுமொரு இடம் பார்ப்போமா என்று அன்ரி கேட்பார். ஆட்கள் களைத்துப்போய் நிற்பார்கள். ஆனால் கூட்டிவந்தவரிடம் போதும் என்று எப்படிச் சொல்வது? "உங்கட விருப்பம்" என்பார்கள். "என்ர விருப்பம் எண்டால் இன்னும் மூண்டு இருக்கு" என்று சொல்லிவிட்டு மூன்றையும் காட்டுவார்.

என் கலியாண விசயத்தில் அன்ரி தலையிட்டது இந்தப் பயணங்களில் ஒன்றால்தான். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. அப்பா இறந்து சில வருடங்கள். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். இரண்டு இடத்தில் பேசி, இரண்டு முறை வீட்டு முன் அறையில் சேலை கட்டி உட்கார்ந்து, இரண்டும் சரிவரவில்லை. அன்ரிக்கு ஜேர்மனியில் தெரிந்த ஒரு தாயும் மகனும் இருந்தார்கள். மகன் ரயில் திருத்துகிற பட்டறையில் வேலை. சாதகம் பொருந்தியது. படங்கள் கைமாறின. பெண் பார்ப்பது கோயிலில் வைத்துத்தான் என்று அம்மா பிடிவாதமாக நின்றார். அன்ரி, எப்படியும் செப்டெம்பரில் மோசலுக்குப் போகிறோம், அவர்களுடைய வீட்டிலிருந்து அந்த இடம் கிட்ட, வானில் இரண்டு சீற் காலியாக இருக்கிறது என்றார். அம்மாவுக்குப் பிரித்தானியாவின் சிவப்புப் பாஸ்போர்ட் கிடைத்த வருடம் அது. அதை எங்கேயாவது நீட்டிப் பார்க்கவேண்டும் என்ற ஆசை அவருக்கு உள்ளுக்குள் இருந்தது. சம்மதித்தார்.

புறப்பட முன்பே அன்ரி எல்லோரிடமும் நேரடியாகக் கேட்டு முடித்துவிட்டார். மாப்பிள்ளையின் தாய், எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், பிள்ளை இங்கே எங்கள் வீட்டுக்கு வந்தால் போதும் என்றாராம். மாப்பிள்ளை, அம்மா சொல்வது போல என்றாராம். என் அம்மா, "பிள்ளை எங்க போனாலும் எனக்குச் சந்தோசம். நான் தனிய இருப்பன், அதுக்கென்ன" என்றார். என்னைக் கேட்டபோது நான், அம்மாவின் விருப்பம் என்றேன். அன்ரி எல்லாவற்றையும் கேட்டு, சரி சரி என்று தலையாட்டினார். ஆகவே நான் ஜேர்மனிக்குப் போவது, அம்மா கிங்ஸ்பரியில் தனியாக இருப்பது என்று முடிவாகிவிட்டது.

என் அம்மாவால் தனியாக இருக்க முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். அப்பா போனதிலிருந்து நடையில் விளக்கை அணைக்க விடமாட்டார். வேலை முடிந்து வர எனக்குக் கொஞ்சம் பிந்தினாலே மூன்று தரம் போன் அடிப்பார், அடித்துவிட்டு வீட்டில் மிளகாய்த்தூள் இருக்கிறதா என்று என்னிடம் கேட்பார். குசினியில் நிற்பவர் அவர். பயமாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாரே என்ற பயம் எனக்கு.

கப்பலில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, பெல்ஜியம் வழியாக அங்கிள் வானை ஓட்டினார். இடியப்பமும் சம்பலும் எல்லை தாண்டுவதற்கு முன்பே தீர்ந்துவிட்டன. மோசல் பள்ளத்தாக்குக்குள் இறங்கினோம். ஆறு அவசரமே இல்லாமல் வளைந்து வளைந்து போகிறது. கரையிலிருந்து உச்சி வரைக்கும் கம்பு நட்டு வரிசை வரிசையாக முந்திரிகை. குலைகள் பழுத்துப் பொன்னிறமாகத் தொங்கின. ஒவ்வொரு வளைவிலும் ஒரு தேவாலயக் கோபுரம், ஒரு சின்ன ஊர், மேலே ஒரு இடிந்த கோட்டை. அன்ரி முன் சீற்றில் இருந்து ஒவ்வொரு கோட்டையையும் பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டுவது போல காட்டிக்கொண்டு வந்தார். இது ஒரு பிஷப்பினுடையது, இதைப் பிரெஞ்சுக்காரர் எரித்தது, இதில் நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மழையில் மாட்டுப்பட்டது.

அடுத்த நாள் காலை மலையடிவாரக் கார் தரிப்பிடத்தில் இரண்டு பகுதியும் சந்தித்தோம். மாப்பிள்ளையின் தாய் பட்டுச் சேலையும் குதி உயர்ந்த செருப்புமாக வந்திருந்தார். மகன் நீல நிறச் சேட், மெலிந்த உருவம், அதிகம் பேசவில்லை. அங்கிள் பிளாஸ்கைத் திறந்துவைத்துக்கொண்டு வானிலேயே இருந்துவிட்டார். அவர் மேலே வரவில்லையா என்று அம்மா கேட்க, இந்த மனிசியோடு இருபது வருடமாக இருக்கிறேன், கேட்டவுடனேயே வேண்டாம் என்று சொல்லப் பழகிவிட்டேன் என்றார்.

மேலே கோட்டைக்கு முந்திரிகைத் தோட்டத்தினூடே ஒற்றையடிப் பாதை வளைந்து ஏறியது. அன்ரி அம்மாவிடம் கேட்டார். "அக்கா, ஏறுவியளா? ஏலாட்டி இவரோட கீழ இருங்கோ." சம்பந்தியாகப் போகிறவர் பக்கத்தில் நிற்கும்போது எந்தத் தாய் ஏலாது என்பார்? "ஏன் ஏலாது, ஏறுவன்" என்றார் அம்மா. அன்ரி சரி என்று நடையைக் கட்டினார். மாப்பிள்ளையின் தாயும் தன் செருப்பை ஒருமுறை பார்த்துவிட்டு, எனக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை என்றார். இரண்டு தாய்மாரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஏறத் தொடங்கினார்கள்.

முதல் வளைவிலேயே அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. நின்றார். நான் கையைப் பிடிக்கப் போனேன். "ஒண்டுமில்லை, காட்சி பாக்கிறன்" என்றார். கீழே ஆற்றைப் பார்த்தார். பத்தடி போய் மறுபடியும் காட்சி பார்த்தார். மாப்பிள்ளையின் தாயும் பின்னால் நின்று காட்சி பார்த்தார். மகனைக் காணவில்லை. எங்களையெல்லாம் விட்டுவிட்டு விறுவிறென்று மேலே போய்விட்டார். அம்மா அதைக் கவனித்தார். எனக்கு எரிச்சல் வந்தது. இவருக்காகவா அம்மாவை மலையேற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன்.

அம்மா நாலாவது தரமோ ஐந்தாவது தரமோ காட்சி பார்த்துக்கொண்டிருந்தபோது மேலே பாதையில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு பிளாஸ்ரிக் கதிரை, கால்கள் வானத்தைப் பார்க்க, இறங்கி வந்தது. அதற்குக் கீழே நீலச் சேட். மேலே கோட்டைக்குள் இருந்த கோப்பிக் கடையில் கேட்டு வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். வியர்த்து ஒழுகியது. கதிரையைப் பாதையோரம் ஆற்றைப் பார்த்தபடி வைத்துவிட்டு, "அன்ரி, இருந்து பாத்தால் காட்சி இன்னும் வடிவா இருக்கும்" என்றார். முழங்கால் என்ற சொல்லையே அவர் எடுக்கவில்லை. அம்மா ஒரு நொடி அவரைப் பார்த்தார். பிறகு அமர்ந்தார்.

அதற்குப் பிறகு ஏறியது ஒரு திருவிழா. ஒவ்வொரு வளைவிலும் கதிரை முன்னால் போய் இருக்கும். அம்மா வந்து அமர்ந்து ஆற்றைப் பார்ப்பார். அடுத்த வளைவில் மாப்பிள்ளையின் தாயின் முறை. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவரும் அமர்ந்து காட்சி பார்ப்பார். எதிரே இறங்கி வந்த ஜேர்மன் கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார். வீதியுலா போகிற சாமியை மண்டகப்படிக்கு மண்டகப்படி இறக்கி வைப்பது போல இரண்டு தாய்மாரையும் மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார் மனிசன். அன்ரி மட்டும், ஏலாது என்றால் கீழேயே சொல்லியிருக்கலாமே என்று குழம்பிக்கொண்டு வந்தார். எனக்கு அந்த மனிசரைப் பிடித்துவிட்டது. சொல்லாமலே கண்டுபிடிக்கிற ஆள் ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

உச்சியில் பாதி இடிந்த ஒரு கோபுரமும் கூரையில்லாத மதில்களும். மதிலின் ஓரத்தில் நின்றால் ஆறு ஊரை ஒரு முழு வளையமாகச் சுற்றிப் போவது தெரியும். கோப்பிக் கடை மேசையைச் சுற்றி அமர்ந்தோம். கோப்பி வந்தது. அன்ரி ஒரு வாய் குடித்துவிட்டு விசயத்துக்கு வந்தார்.

"அப்ப எல்லாருக்கும் சம்மதம்தானே. தையில நாள் வைப்பம். பிள்ளை இங்க வாறா. அக்கா லண்டனில இருக்கிறா. ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்ல இல்லையே?"

எல்லோரும் சிரித்தபடி தலையாட்டினார்கள். அம்மாவைப் பார்த்தேன். அவரும் ஆட்டினார். நன்றாகச் சிரித்தார். ஆனால் கை இரண்டும் அந்த வெள்ளைக் கதிரையின் பிடியை விடவில்லை. இன்னும் ஒரு வாய் கோப்பிக்குள் இது முடிந்துவிடும் என்று எனக்கு விளங்கியது. முடிந்தால் முடிந்ததுதான். இந்த மனிசி இரண்டாம் முறை கேட்காது.

"எனக்கு வேண்டாம்" என்றேன்.

அன்ரியின் முகம் மாறவில்லை. "சரி" என்றார். கோப்பையை வைத்துவிட்டு மாப்பிள்ளையின் தாய் பக்கம் திரும்பி, பிள்ளைக்கு விருப்பமில்லையாம், குறை நினைக்க வேண்டாம் என்று சொல்லியே விட்டார். நீலச் சேட்டின் முகம் வெளிறியது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"இல்லை அன்ரி, முழுக்கக் கேளுங்கோ. எனக்கு இவரை வேணும். அம்மாவைத் தனிய விட்டிட்டு வரத்தான் ஏலாது. எனக்கு லண்டனில இருக்கவேணும். அம்மாவும் எங்களோட இருக்கவேணும்."

ஒரு பெண், பெண் பார்க்க வந்த இடத்தில், மாப்பிள்ளையின் தாய் முன்னால் இவரை எனக்கு வேண்டும் என்று சொன்னதாக எங்கள் குடும்பத்தில் அதுவரை கதையே கிடையாது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த மேசையில் இருந்த ஜேர்மன்காரர்கள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள். அன்ரி மட்டும் நிம்மதியாக, "அது வேற கதை" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

தனக்கும் லண்டனுக்கு வரத்தான் விருப்பம் என்றார் அவர். தன் தாய் ஜேர்மனி என்று சொன்னதால் பேசாமல் இருந்தாராம். அவருடைய தாய் மகனை முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சிரிக்கத் தொடங்கிவிட்டார். அவருடைய தங்கைமார் இரண்டு பேரும் லண்டனில், செவன் கிங்ஸில் இருக்கிறார்களாம். பல வருடமாக அங்கே போய்விடவேண்டும் என்றுதான் அவருக்கு ஆசையாம். ஆனால் மாப்பிள்ளை பகுதி தாமாக லண்டனுக்கு வருகிறோம் என்று சொன்னால், சீதனமாக வீடு கேட்பது போல இருக்கும் அல்லவா? அந்த வெட்கத்தில் ஜேர்மனி என்று சொன்னாராம். இவ்வளவையும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சொன்னார். பாருங்கள், ஒரு மேசையைச் சுற்றி இருந்த இத்தனை பேருக்கும் ஒரே ஆசை. ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்தே அதைக் கிட்டத்தட்ட அழித்துவிட்டோம்.

மிஞ்சியிருந்தது அம்மா. அன்ரி அவர் பக்கம் திரும்பினார்.

"அக்கா, உங்களுக்கு?"

"எனக்கென்ன. பிள்ளையள் சந்தோசமா இருந்தால் சரி. எனக்கெண்டு ஒண்டும்..." என்று தொடங்கிய அம்மா நிறுத்தினார். அன்ரியைப் பார்த்தார். சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளப்போகிற அந்த முகத்தைப் பார்த்தார். டொக்டரின் அறை நினைவுக்கு வந்ததோ என்னவோ. மேசையில் இருந்த கோப்பிக் கரண்டியைக் கொஞ்ச நேரம் திருப்பிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தனிய இருக்கப் பயம்" என்றார்.

போரில் இரண்டு முறை வீட்டை விட்டு ஓடியவர் அவர். என்னைக் கையில் பிடித்துக்கொண்டு மொழி தெரியாத நாட்டில் இறங்கியவர். அப்பாவின் சாவீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் ஆறுதல் சொன்னவர். அவர் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். எனக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதேன். மாப்பிள்ளையின் தாய் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அன்ரி, "சரி, அப்ப லண்டன்" என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் கேக் வேண்டுமா என்று கேட்டார். எல்லோரும் ஓம் என்றோம்.

இறங்கும்போது அம்மா வேறு ஆளாகிவிட்டார். முழங்கால் நோகுது, ஒராள் இந்தப் பக்கம் பிடியுங்கோ என்றார். பிடித்தார்கள். மற்றப் பக்கமும் பிடிக்கச் சொன்னார். தண்ணீர் கேட்டார். கதிரையையும் கீழே வரைக்கும் கொண்டுவரச் சொன்னார். மாப்பிள்ளை கொண்டுவந்து, பிறகு அதைத் திருப்பிக் கொடுக்க இன்னொருமுறை அந்த மலையை ஏறினார். அவர் மேலே போய் வரும்வரை அம்மா வானில் இருந்து, நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்ரியும் அங்கிளும் இப்போது லண்டனில் இல்லை. மகன்மார் படித்து முடித்ததும் அந்தப் பள்ளத்தாக்குக்கே திரும்பிவிட்டார்கள். நாங்கள் ஹரோவில் இருக்கிறோம். மாமி செவன் கிங்ஸில், தங்கைமாரோடு. அம்மா எங்களோடு இருக்கிறார். தேநீர் வேண்டுமா என்று கேட்டால், சீனி எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். அன்ரி பெரிய சூட்சுமக்காரி, எங்கள் எல்லோரையும் வாய் திறக்க வைக்கத்தான் அன்று மேலே கூட்டிக்கொண்டு போனார் என்று என் கணவர் இன்றைக்கும் சொல்வார். நான் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் அன்று திரும்பி வந்த வழியில், பெல்ஜியத்தில் எங்கேயோ, அங்கிள் பெற்றோல் அடிக்க நிறுத்தியபோது நான் அன்ரியிடம் இதையே கேட்டிருந்தேன். உங்களுக்கு எல்லாம் முதலே தெரியும்தானே என்றேன்.

அவர் கையில் இருந்த ரோல்ஸைக் கடித்து மென்றுகொண்டு என்னை வியப்பாகப் பார்த்தார்.

"எனக்கென்னெண்டு தெரியும்? ஒருத்தரும் சொல்லேல்லையே. நீர் வாய் திறந்திருக்காட்டி நான் தையில நாள் வைச்சிருப்பன். அம்மா தனியத்தான் இருந்திருப்பா."

பொய் சொல்லத் தெரியாதவர். பின் சீற்றில் அம்மா வாயைத் திறந்தபடி நல்ல நித்திரை. நான் எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டேன்.